கோப்பு அறையின் பூசணமும் காற்றை அளந்த அனுபவமும்

பூசணம் என்றால் அது கொடைக்கானல், வால்பாறை போன்ற ஊர்களின் தொல்லை, மதுரை வெயிலில் அது எங்கே பிழைக்கப் போகிறது என்று கேட்பவர்கள் நிறைய. ஆண்டின் பெரும்பகுதிக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும். பங்குனி, சித்திரையில் மொட்டைமாடித் தரையில் கால் வைக்க முடியாது. சுவருக்குள் இருக்கும் ஈரமெல்லாம் சுண்டிவிடும். அந்த நேரத்தில்தான் பெயிண்டரை அழைத்துக் கறைகளை மறைக்கிறோம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அதே இடத்தில், அதே வடிவத்தில் கறை திரும்ப வருகிறது. நம் ஊரில் பூசணம் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போவதற்கு இந்த வறண்ட மாதங்கள்தான் காரணம் என்பது என் கணிப்பு. மலையூர்க்காரர்களுக்கு ஓதம் எப்போதும் கண்முன் நிற்கிறது. நமக்கு அது மழைக்காலத்தில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது.

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்பவள். மாசி வீதிகளை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் தொழிலில் செப்டம்பர் 30 தணிக்கை அறிக்கைக்கும், அக்டோபர் 31 தணிக்கைக்கு உட்பட்டவர்களின் வருமான வரிப் படிவத்துக்கும் வழக்கமான கடைசி நாள்கள். மழையும் வேலை நெருக்கடியும் கைகோத்து வரும். ஜன்னல்களை அடைத்து, ஏசியைப் போட்டு, இரவு வெகுநேரம் வரை இருபது பேருக்கு மேல் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கூடத்துக்குப் பின்னால் கோப்பு அறை. கம்பெனிகள் தங்கள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குக் காக்க வேண்டும் என்பது சட்டம். வாடிக்கையாளர்கள் பலர் மூலப் பிரதிகளை எங்களிடமே விட்டுவைத்திருக்கிறார்கள். தாள், அட்டை, நூல், பசை என்று பூசணத்துக்கு வேண்டிய உணவு அத்தனையும் அந்த அறையில் அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கிறது. தண்ணீர் மட்டும்தான் அதற்குப் பாக்கி.

முதலில் வந்தவை சின்னச் சின்னப் புகார்கள். தும்மல், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு, கண் அரிப்பு. மழைக்காலச் சளி என்று எல்லாரும் சொன்னார்கள். சளி என்றால் வீட்டிலும் இருக்க வேண்டுமே? ஞாயிற்றுக்கிழமை தேறிவிடுகிறது, திங்கள் மதியம் மறுபடி ஆரம்பிக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதும் கூடத்தின் வரைபடம் ஒன்றைத் தாளில் போட்டு, யார் எந்த நாற்காலி, என்ன தொல்லை, எந்த நேரம், விடுமுறையில் எப்படி என்று குறிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரத்துக்குள்ளாகவே கோப்பு அறைக் கதவுக்கு அருகில் இருந்தவர்களின் பெயர்கள் மற்றவர்களைவிட அடர்த்தியாக நிரம்பின. கருவி எதுவும் வாங்குவதற்கு முன் எல்லாரும் செய்ய வேண்டியது இந்த வரைபடம்தான். செலவு ஒரு தாள். இளைப்பு இருந்த பையனை மட்டும் காத்திருக்கச் சொல்லாமல் உடனே மருத்துவரிடம் அனுப்பி, அவன் இருக்கையையும் முன்பக்கத்துக்கு மாற்றினோம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பூசணம் பிடித்த அறை மூச்சுத்திணறலைக் கூட்டும். அளவீடு முடியட்டும் என்று அவர்களை அங்கேயே உட்காரவைப்பது கொடுமை.

இதற்கிடையே துப்புரவு செய்யும் அக்கா ஓர் அலமாரியை நகர்த்தினார். பின்சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் படலம். "இது அந்தக் கறுப்புப் பூஞ்சை இல்லையாம்மா?" என்று அவர் கேட்டதும் அலுவலகமே கலங்கிவிட்டது. 2021இல் கொரோனாவுக்குப் பின் வந்த அந்த நோயின் பெயர் இன்னும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்த நோயை உண்டாக்குவது மியூக்கர் வகைப் பூஞ்சைகள். அவற்றின் வித்துகள் மண்ணிலும் காற்றிலும் எங்கும் உண்டு. கட்டுக்கடங்காத சர்க்கரையும் அதிக ஸ்டீராய்டும் சேர்ந்தபோதுதான் அது பலரைத் தாக்கியது. அதில் கறுப்பு என்பது இறந்துபோன தசையின் நிறம், பூஞ்சையின் நிறமல்ல. சுவரில் கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற வேறு இனங்கள். இதை எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். அச்சம் பரவினால் ஒருவர்கூட அந்தச் சுவர்ப் பக்கம் போக மாட்டார்கள், சுவரும் அப்படியே இருக்கும். ஆனால் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களும் சுத்தம் செய்யும் வேலையில் சேரக் கூடாது என்பதையும் அன்றே முடிவு செய்தோம்.

கறுப்பு மட்டுமல்ல, கீழே வெள்ளையாகவும் ஒரு பொடி இருந்தது. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், கரைந்துவிட்டது. கரைந்தால் அது சுவரில் பூத்த உப்பு. பூசணம் கரையாது. உப்பும் நல்ல செய்தியல்ல, சுவர் வழியாகத் தண்ணீர் போய்வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து கருவிகள். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும்போது கடந்த 24 மணி நேரத்தின் உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். வாங்கியதும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு போல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். நம் ஊர் அறை வெப்பத்தில் அந்த டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். மீட்டர் 70 காட்டினால் அது எப்போதும் ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடலாம்.

கூடத்துக்குப் புதுக்காற்று போதுகிறதா என்று அறிய உதவும் கரியமில வாயு மீட்டர் விலை கூடியது. அகச்சிவப்புக் கதிர் முறையில் அளப்பதைத்தான் வாங்க வேண்டும். மலிவானவற்றில் பல, வேறு ஆவிகளை அளந்து கரியமில வாயு இவ்வளவு இருக்கலாம் என்று ஊகித்துக் காட்டுபவை; பக்கத்தில் ஒருவர் சானிடைசர் தடவினால் எண் தாவும். தூசு அளக்கும் மீட்டரும் ஒன்று இரவல் கிடைத்தது. 2.5 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் கீழும் உள்ள துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. இரண்டுமே வெளிக்காற்றை மனதில் வைத்துப் பேசப்படுபவை என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் தூசு மீட்டருக்குப் பூசண வித்தும் சாம்பிராணிப் புகையும் ஒன்றுதான். எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும்தான் அது உச்சத்துக்குப் போனது. பூசணத்தை அறிய அதை நம்புவது வீண்.

இனி முக்கியமான விஷயம். பகல் பதினொரு மணிக்குக் கோப்பு அறையில் ஈரப்பதம் 58 இருந்தது. 60க்குக் கீழே இருந்தால் பூசணத்துக்கு இடம் கொடுக்காது என்பது பொதுவான அளவு. ஆக எல்லாம் சரி என்றே அந்த எண் சொன்னது. மறுநாள் காலை அலுவலகத்தைத் திறந்ததும் மீட்டரின் நினைவைத் தட்டிப் பார்த்தேன். இரவின் உச்சம் 84. கூடத்தில் ஏசி நின்ற பிறகு படிப்படியாக ஏறியிருக்கிறது. நாங்கள் வந்து ஏசியைப் போட்டதும் இறங்கியிருக்கிறது. ஆட்கள் இருக்கும் நேரத்தில் மட்டும் அளந்தால் அந்த அறை என்றைக்கும் தேர்ச்சி பெற்றுக்கொண்டே இருக்கும். பூசணமோ ஆள் இல்லாத நேரத்தில் வளர்கிறது. அலுவலகக் கட்டடங்களில் காற்றை அளக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றுதான்: இரவின் எண்ணையும் விடுமுறை நாளின் எண்ணையும் பாருங்கள். பெரும்பாலான பரிசோதனைகள் அலுவலக நேரத்தில் வந்து, அலுவலக நேரத்திலேயே முடிந்துவிடுகின்றன.

இரவில் ஏன் ஏறுகிறது? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அலுமினியத் தாளைச் சாண் அளவுக்குச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. உள்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்கள் கோப்பு அறையில் ஒரு சுவரில் வெளிப்பக்கமும் இன்னொரு சுவரில் உள்பக்கமும் நனைந்திருந்தன. இரண்டு நோய், இரண்டு மருந்து.

வெளிப்பக்கம் நனைந்தது பெரிய ஆடிட்டர் ஐயாவின் அறையை ஒட்டிய தடுப்புச் சுவர். நாலரை அங்குலம்தான் கனம். அவர் அறையில் ஏசி 18இல் ஓடும். சுவரின் மறுபக்கம் கோப்பு அலமாரிகள் நெருக்கி நின்றதால் காற்றோட்டமே இல்லாமல் அந்தச் சுவர் சில்லென்று இருந்தது. கோப்பு அறைக்குக் காற்று வேண்டும் என்று ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார்கள். மழைக்கால மாலையில் வெளியே 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று 25 டிகிரியோ அதற்குக் கீழோ உள்ள எந்தப் பரப்பில் பட்டாலும் தண்ணீராகப் படியும். நல்லெண்ணத்தில் திறந்த ஜன்னல் வழியாகவே தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் பூசணம் போய்விடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கோடையில் அது சரி. மழைக்காலத்தில் குளிரூட்டிய அறைக்குப் பக்கத்தில் அது நேர் எதிராகிவிடுகிறது.

உள்பக்கம் நனைந்தது பின்சுவர். கொத்தனார் அண்ணன் சாவியின் பின்புறத்தால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். ஓசை மாறிய இடத்தில் நின்று, "சுவர் தண்ணீர் குடித்திருக்கிறது, தாயி. மேலே போய்ப் பார்ப்போம்" என்றார். மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் குழாயின் வாய் வேப்பஞ்சருகால் அடைபட்டு, கைப்பிடிச் சுவரோரம் தண்ணீர் தேங்கி நின்றிருந்தது. அந்த மூலையில் தட்டோடுகளின் இணைப்பில் சாந்து உதிர்ந்திருந்தது. நேர் கீழேதான் கறுப்புப் படலம்.

காற்றில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தோம். கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் உறவுக்காரப் பெண் பூஞ்சை வளர ஏற்ற சாபரோ அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டுகளைக் கொண்டுவந்தாள். கோப்பு அறை, கூடம், மொட்டைமாடி மூன்றிலும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் திறந்து வைத்து மூடினோம். சில நாள்களில் மூன்று தட்டுகளிலுமே பூசணம் வளர்ந்தது. வெளித்தட்டில் வளராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பார்க்க வேண்டியது வேற்றுமையை. வெளித்தட்டில் கரும்பச்சையான கிளாடோஸ்போரியம் மிகுந்திருந்தது. கோப்பு அறைத் தட்டில் நீலப்பச்சையும் கறுப்புமாகப் பொடி பொடியாக ஆஸ்பெர்ஜில்லஸும் பெனிசிலியமும். வெளியில் குறைவாக இருப்பது உள்ளே மிகுந்திருந்தால் அது உள்ளேயே வளர்கிறது என்று பொருள். இந்த முறைக்குக் குறைகளும் உண்டு. தட்டில் தானாக விழுவதை மட்டுமே அது பிடிக்கிறது. இரண்டு மூன்று மைக்ரான் அளவுள்ள ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் எளிதில் விழாமல் மிதந்துகொண்டே இருக்கும். இறந்த வித்து தட்டில் வளராது, ஆனால் ஒவ்வாமையை உண்டாக்கும்.

பிறகு ஓர் ஆய்வகத்தையும் அழைத்தார்கள். நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை இழுத்து, துளைகள் வழியே அகார் தட்டில் மோதவிடும் கருவி அவர்களிடம் இருந்தது, நல்ல கருவிதான். ஆனால் கூடத்தில் ஒரே ஓர் இடத்தில், ஏசி ஓடும்போது, ஒரே முறை எடுத்தார்கள். வெளிக்காற்றை எடுக்கவில்லை. அறிக்கையில் "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்" என்று இருந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஈரமும் பூசணமும் குறித்து வெளியிட்ட வழிகாட்டுதலில் வித்துகளுக்கு எண் வரம்பு எதுவும் இல்லை. ஈரத்தையே தவிர்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வரம்பு எதையும் வைக்கவில்லை; பூசணம் கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் மாதிரி எடுக்கவே தேவையில்லை என்கிறது. எந்த அளவுக்குள் என்று கேட்டேன், பதில் வரவில்லை. ஆய்வகத்தை அழைத்தால் வெளிக்காற்று மாதிரியும் சேர்த்து எடுக்க வேண்டும், கோப்புகளைக் கலைத்த பிறகும் ஒரு மாதிரி வேண்டும், இனங்களின் பெயர் வேண்டும் என்று முன்பே எழுதிக் கேளுங்கள். அதற்கு ஒப்பாதவர்களுக்குக் கொடுக்கும் பணம் கொத்தனாருக்குப் போகட்டும்.

வாடகைக் கட்டடத்தில் பழுதுபார்ப்பது யார் என்ற பேச்சு எளிதாக முடியவில்லை. "என்னம்மா, மழைக்காலத்தில் எல்லாக் கட்டடத்திலும் ஓதம் அடிக்கத்தானே செய்யும்?" என்றார் உரிமையாளர் ஐயா. நான் வாதாடவில்லை. இரவு எண்களை எழுதிய நோட்டு, மழை பெய்த தேதிகள், அலுமினியத் தாளின் படம், அடைபட்ட குழாயின் படம் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். "ஐயா, இந்த மூலையில் மழை பெய்த மறுநாளெல்லாம் எண் ஏறியிருக்கிறது, பாருங்கள்" என்றேன். அவர் நோட்டை நிதானமாகப் புரட்டிவிட்டு மாடிக்கு ஏறினார். மாடி மூலையை அவர் செலவில் கொத்தித் தட்டோடு மாற்றினார். உள்சுவர் எங்கள் செலவு.

பூசணத்தைத் துடைத்தது அதற்குப் பிறகுதான். தண்ணீரை நிறுத்தாமல் துடைப்பது பயனற்றது. விடுமுறை நாளில், ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தி, கதவிடுக்கை அடைத்து, என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணிந்து வேலை நடந்தது. உலர்ந்த துடைப்பம் கூடவே கூடாது. உலர்ந்த பூசணத்தைத் தொட்டால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணிகளை அங்கேயே பையில் கட்டி, சுவரை நன்றாகக் காயவிட்டோம். பிளீச்சிங் பவுடர் தேவைப்படவில்லை. கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதைக் கலந்துவிட்டால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. கறைபட்ட ஃபால்ஸ் சீலிங் பலகைகளைத் துடைக்காமல் அப்புறப்படுத்தினோம். உள்ளே ஊறிய பூசணம் வெளியே துடைத்தால் போகாது. நனைந்த கோப்புகளைத் தனியே விரித்து உலர்த்தி, ஸ்கேன் செய்து, மிக மோசமானவற்றை வாடிக்கையாளரிடம் கேட்டுக் கழித்தோம். எந்தப் பொருளும் நனைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பூசணம் முந்திக்கொள்ளும்.

ஓசோன் இயந்திரம் விற்க ஒருவர் வந்தார். பூசணத்தை ஒழிக்கும் அளவுக்கு ஓசோன் விட்டால் அது மனிதர்களின் நுரையீரலைப் புண்ணாக்கும். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வித்துகளைப் பிடிக்கும், அது உண்மை. சுவர் ஈரத்தையோ கரியமில வாயுவையோ அது தொடாது.

கரியமில வாயு தனிக் கதை. வெளிக்காற்றில் அது இப்போது பத்து லட்சத்தில் 420 பங்குக்கு (420 பிபிஎம்) சற்று மேல் இருக்கிறது. உள்ளே 1,000க்கு மேல் போனால் ஆட்களுக்கு ஏற்ற புதுக்காற்று வரவில்லை என்று கொள்ளலாம். எங்கள் கூடத்தில் மாலை நான்கு மணிக்கு 2,000ஐத் தாண்டியது. ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை எடுப்பதில்லை என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கூடத்தின் ஒரு கோடியில் உயரத்தில் எக்ஸாஸ்ட் விசிறி வைத்து, எதிர்க்கோடியில் காற்று நுழைய வலை போட்ட திறப்பு விட்டதும் எண் ஆயிரத்தை ஒட்டி இறங்கியது; மதியத் தலைவலிப் புகாரும் குறைந்தது. மனிதர்கள் இருக்கும் அறைக்குப் புதுக்காற்று, தாள்கள் இருக்கும் அறைக்கு வறட்சி என்று இரண்டையும் பிரித்துவிட்டோம். கோப்பு அறை ஜன்னல் மழை மாதங்களில் மூடியே இருக்கிறது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இரவில் ஓடுகிறது. அலமாரிகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கின்றன. ஐயாவின் ஏசி 24க்கு வந்துவிட்டது. ஏசி மெக்கானிக் தம்பி வரும்போதெல்லாம் வடிகால் குழாயில் தண்ணீர் ஊற்றி, அது வெளியே வருகிறதா என்று என் கண்முன் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

பின்சுவரின் அடிப்பகுதியில் உப்பு இன்னும் லேசாகப் பூக்கிறது. அங்கே இப்போதைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம், சுண்ணாம்பு மட்டும் பூசி மூச்சுவிடட்டும் என்று கொத்தனார் அண்ணன் சொல்லியிருக்கிறார். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது இரண்டு வரிகள் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: புரட்டாசி முடிவதற்குள் மாடிக் குழாய்களைச் சுத்தம் செய்து காட்ட வேண்டும்; கசிவு என்று எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளுக்குள் ஆள் வர வேண்டும். உரிமையாளர் ஐயா முதல் வரிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டாவது வரிக்கு நோட்டோடு மறுபடி போகிறேன்.